நாள் தள்ளிப்போனதிலிருந்து: மூளைப் புறணி கட்டப்படும் விதம்

மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைப் பரிசோதித்துவிட்டு "இது ஆட்டிசம்" என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எதனால் டாக்டர்?" என்பதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் பதில்கள் தயாராகிவிடும். கைப்பேசியைக் கையில் கொடுத்ததால் வந்தது என்பார் தாத்தா. கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வாசலுக்குப் போனாளே என்பார் பாட்டி. தடுப்பூசி போட்ட மாதத்திலிருந்துதான் இப்படி என்று எதிர்வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். தாய் வேலைக்குப் போகிறவளாக இருந்துவிட்டால் விசாரணையே தேவையில்லை, தீர்ப்பு வந்துவிடும்.

கிரகணத்தை விட்டுவிடுவோம், நிழலுக்கும் கருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மற்ற பதில்களில் தேதி இடிக்கிறது. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு முதலியவற்றை மருத்துவம் 'நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது. பெயரிலேயே 'வளர்ச்சி' இருப்பதைக் கவனிக்க வேண்டும். மூளை கட்டப்பட்ட விதத்திலேயே வேர் கொண்டவை இவை என்பது அந்தப் பெயரின் பொருள். கட்டட வேலையின் பெரும்பகுதி நடப்பது தாயின் வயிற்றில். ஆகவே 'எதனால்' என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, எந்த வாரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கல்தோசை கனத்தில் ஒரு நாளிதழ்

மூளை என்றதும் நம் மனத்தில் தோன்றும் மடிப்பு மடிப்பான சாம்பல் நிற மேற்பரப்புதான் பெருமூளைப் புறணி. லத்தீனில் அதற்கு வைத்த பெயருக்கு மரப்பட்டை என்று பொருள். நாளிதழின் ஒரு முழுப் பக்கத்தைத் தரையில் விரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். மனிதப் புறணியை மடிப்பு நீக்கி விரித்தால் அந்த அளவுக்குக் குறையாது. கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர். கல்தோசை கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய தோசையைக் கிழிக்காமல் கசக்கி ஒரு சொம்புக்குள் அடைத்ததுபோலத்தான் அது மண்டையோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் 1,600 கோடி அளவுக்குப் புறணியில் இருக்கின்றன. ரவையைக் கொட்டியதுபோல அவை அங்கே கிடப்பதில்லை. ஆறு அடுக்குகளாக நிற்கின்றன. கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் நான்காம் அடுக்கில் இறங்குகிறது. ஐந்தாம் அடுக்கிலிருந்து புறப்படும் இழைகளில் சில முதுகுத்தண்டு வரை நீள்கின்றன. நீங்கள் விரலை மடக்குவது அவற்றால்தான். இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் புறணியின் மற்றப் பகுதிகளோடு பேசிக்கொண்டிருக்கும். யார் எந்த அடுக்கில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே யாரோடு யார் பேசுவது என்பது அமைகிறது. இடம் மாறினால் இணைப்பும் மாறும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு வாரத் தாமதம்

கரு உருவான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் தட்டையான செல் பட்டை ஒன்று தென்படும். அதன் இரு விளிம்புகளும் எழுந்து, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல வளைந்து, நடுவில் ஒட்டிக்கொண்டு குழாயாகும். நரம்புக் குழாய் என்று பெயர். அதன் மேல்முனை மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது. இந்தக் குழாய் ஏறக்குறைய 28ஆம் நாளுக்குள் மூடியாக வேண்டும்.

28 நாள் என்றால் தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான். பலருக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். உறுதிசெய்துகொண்டு, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவமனைக்குப் போய் ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கி வருவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலேயே போயிருக்கும். மேல்முனை மூடாவிட்டால் பெருமூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவோடு குழந்தை பிறக்கும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய குழந்தையை முன்பே பெற்றிருந்த தாய்மார்களிடம் நடந்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. மாத்திரை விலை குறைவுதான். அதை எப்போது தொடங்குவது என்பதில்தான் நம் வீடுகள் பிந்திவிடுகின்றன. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும்.

வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களுக்கும் இதே காலக் கணக்கு பொருந்தும். அந்த மருந்து நரம்புக் குழாய்க் குறைபாட்டுக்கான வாய்ப்பையும், பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் வருவதற்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு தாயின் உயிருக்கே உலைவைக்கலாம். திருமணப் பேச்சு நடக்கும்போதே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குப் போவதுதான் வழி. இதைப் பெண்ணின் பெற்றோர் மறைக்கப் பார்ப்பதால் எத்தனை சிக்கல்!

பெருகும் காலம்

(இனி வரும் வாரக் கணக்கெல்லாம் ஸ்கேன் அட்டையில் எழுதுவதுபோலக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணியவை.)

குழாயின் உட்சுவரில், திரவம் நிறைந்த பள்ளத்தை ஒட்டி, மூலச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் அவை இரண்டிரண்டாகப் பெருகிக்கொண்டே போகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பிறகு போக்கு மாறும்: ஒரு செல் பிரிந்தால் அதில் ஒன்று மூலச்செல்லாகவே தங்கும், மற்றது நரம்பணு ஆகும் பாதையில் போகும். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை உண்பதுபோல. முதல் கட்டம் எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதில்தான் மூளையின் அளவு இருக்கிறது. ஒரு சுற்று கூடுதலாக இரட்டித்தால் விதை இரண்டு மடங்கு.

புறணியின் நரம்பணுக்கள் ஏறக்குறைய ஏழாம் வாரத்திலிருந்து நான்கு மாத காலத்தில் பிறந்துவிடுகின்றன. 1,600 கோடியை அந்த நாள்களால் வகுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்குத் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் வருகிறது. தாய் வாந்தி எடுத்துக்கொண்டு, புளிப்புக்கு ஏங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் படுத்திருக்கும் நேரத்தில் நடக்கும் வேலை இது.

விதைப்பண்ணை சீக்கிரம் தீர்ந்துவிட்டால் குழந்தை சிறுதலையோடு பிறக்கும். ஏ.எஸ்.பி.எம். என்ற மரபணுவின் இரண்டு நகல்களும் பழுதானால் அப்படி நேரும். அந்த மரபணுவின் புரதம், செல் சரிபாதியாகப் பிரிவதற்கு உதவுவது. தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொரு பழுதான நகல் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கருவிலும் இரண்டும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் கொடுத்து வாங்கும் வழக்கம் உள்ள நம் ஊரில், ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். சொத்து வெளியே போகக்கூடாது என்று செய்யும் மணத்தில் பழுதும் வெளியே போவதில்லை.

மரபணு இல்லாமல் வெளியிலிருந்தும் இதே இடத்தில் அடி விழலாம். 2015இல் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோது காரணம் ஜிகா வைரஸ் என்று தெரியவந்தது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது. அந்த வைரஸ் கருவில் தேடிப்போய்த் தாக்குவது இந்த மூலச்செல்களைத்தான். 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது.

பனையேற்றம்

பிறந்த நரம்பணு பிறந்த இடத்திலேயே இருக்க முடியாது. அதன் வீடு மேலே, வெளிப்புறத்தில். எப்படிப் போகிறது என்பதை 1972இல் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருக்களின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார். உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை நெட்டுக்கு நிற்கும் நீண்ட செல்கள் உள்ளன. நரம்பணுக்கள் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுகின்றன. இன்னொரு விசித்திரம் பிறகு தெரியவந்தது: நீண்ட உடல் கொண்ட அந்த ஏணிச் செல்கள்தாம் நரம்பணுக்களைப் பெறும் மூலச்செல்களும். பிள்ளை தாயின் முதுகிலேயே ஏறிப்போகிறது.

பனை ஏறுபவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் கைகள் மேலே போய் மரத்தைக் கட்டிக்கொள்ளும். பிறகு தளைநார் மாட்டிய கால்களை இழுத்து உடம்பை உயர்த்துவார். மறுபடி கை, மறுபடி கால். நரம்பணுவும் அப்படியே. முன்பக்கம் ஒரு கையை நீட்டிப் பிடிக்கும், அதன் உடலில் கனமான சரக்கான உட்கருவைப் பின்னாலிருந்து இழுத்து மேலே கொண்டுவரும், சற்று நிற்கும், மறுபடி கையை நீட்டும்.

இந்த இழுப்புக்கு வேண்டிய புரதங்களில் ஒன்றின் மரபணு எல்.ஐ.எஸ்.1. 1993இல் அடையாளம் காணப்பட்டது. அதன் ஒரு நகல் இல்லாமல்போனால்கூடப் போதும்: கை எட்டும், கால் வராது. ஏறிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான செல்கள் நடுவழியில் தங்கிவிடும். ஆறு அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கற்ற தடித்த நான்கு அடுக்கு இருக்கும், மடிப்புகள் விழாது. குழந்தை வழுவழுப்பான மூளையோடு பிறக்கும். கடுமையான வலிப்பும் பெரும் வளர்ச்சித் தடையும் கூடவே வரும்.

இதைவிட என்னை வியக்கவைத்தது இன்னொரு மரபணு. பெயர் டி.சி.எக்ஸ்.; 1998இல் கண்டறியப்பட்டது. இதுவும் ஏறும் வேலைக்கானதுதான். ஆனால் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் எல்லாச் செல்களுக்கும் பழுது. மூளை வழுவழுப்பாகிவிடும். பெண் குழந்தைக்கு எக்ஸ் இரண்டு. அவளது ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவைத்திருக்கும். எதை அணைப்பது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். நல்ல நகலை வைத்திருக்கும் செல்கள் மேலே ஏறிச் சரியான புறணியைக் கட்டுகின்றன. பழுதான நகல் வாய்த்த செல்கள் பாதி வழியில் நின்று, வெள்ளைப் பகுதிக்குள் இன்னொரு பட்டையாகப் படிந்துவிடுகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் அசல் புறணிக்குக் கீழே அதன் நிழல்போல இரண்டாவது புறணி ஓடும். மருத்துவர்கள் அதை இரட்டைப் புறணி என்றே சொல்கிறார்கள். இத்தகைய பெண்ணுக்கு வலிப்பு வரலாம், படிப்பில் பின்தங்கலாம். லேசான பாதிப்போடு பள்ளிக்கூடம், கல்யாணம் என்று வாழ்பவர்களும் உண்டு. அவளுக்கு வழுவழுப்பான மூளையோடு மகன் பிறந்த பிறகே தாயின் தலைக்குள் என்ன இருந்தது என்று தெரியவந்த குடும்பங்கள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன. ஒரே பழுது, ஒரே வீடு, இரண்டு வாழ்க்கை.

ஏறுவதில் ஒழுங்கும் உண்டு. முதலில் பிறந்தவை அடியில் ஆறாம் அடுக்கில் இறங்கும். அடுத்து வருபவை அவற்றைத் தாண்டி மேலே போய் ஐந்தாம் அடுக்காகும். கடைசியில் பிறந்தவை எல்லோரையும் கடந்து உச்சிக்குப் போகும். தாண்டிப் போகச் சொல்வது யார்? புறணியின் மேல்விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவகைச் செல்கள் ரீலின் என்ற புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கின்றன. முன்படிக்கட்டில் நின்றுகொண்டு "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தும் பஸ் கண்டக்டர் மாதிரி அது. 1951இல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர் தள்ளாடி நடக்கும் சுண்டெலி வகையொன்றை விவரித்தார். 'ரீலர்' என்ற அதன் ஆங்கிலப் பெயருக்கே தள்ளாடி என்றுதான் பொருள். 1995இல் அந்தச் சுண்டெலியில் பழுதான மரபணு பிடிபட்டபோது, அது செய்யும் புரதத்துக்கும் அந்தத் தள்ளாட்டத்தின் பெயரையே வைத்தார்கள். கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் நடப்பதுதான் அந்தச் சுண்டெலியின் மூளையில் நடந்திருந்தது. முதலில் ஏறியவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவர்கள் படிக்கட்டிலேயே குவிந்துவிட்டார்கள். அடுக்குகள் கிட்டத்தட்டத் தலைகீழ்.

பக்கவாட்டில் வந்தவர்கள்

புறணியில் உள்ள நரம்பணுக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படிச் செங்குத்தாக ஏறி வந்தவை அல்ல. அவை மூளையின் அடிப்பாகத்தில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் ஊர்ந்து வந்து சேர்பவை. இவற்றின் வேலை அடக்குவது. மற்றவை ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்க, இவைதாம் 'போதும்' என்று கையமர்த்துகின்றன. வரவேண்டிய எண்ணிக்கையில் வரவில்லை என்றாலோ, வந்தும் வேலை செய்யவில்லை என்றாலோ, சந்தைக்கடை இரைச்சல்தான். வலிப்பு என்பது அந்த இரைச்சல் உச்சத்துக்குப் போவது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கும், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதற்கும் இந்தச் சமநிலை குலைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் ஊகம். ஊகம்தான், நிரூபணம் இன்னும் முழுமை பெறவில்லை.

மடிப்புகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 20 வாரத்தில் கருவின் மூளை, பக்கவாட்டுப் பள்ளத்தை விட்டால், பெரும்பாலும் தோலுரித்த மொச்சை போல வழவழப்பாக இருக்கும். கடைசி மூன்று மாதங்களில்தான் மடிப்புகள் வேகமாக விழுகின்றன. அதனால் 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அவற்றில் பல இன்குபேட்டருக்குள் விழுகின்றன.

சென்னையில் ஒரு வரைபடம்

இந்த நடு மாதங்களை மனிதக் கருவில் செல் செல்லாகப் பார்க்க அண்மைக்காலம் வரை நல்ல வரைபடம் கிடையாது. பெரும்பாலானவை சுண்டெலியிலிருந்து அறிந்தவை. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கருமூளையின் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான மூளைகளிலிருந்து 5,132 மெல்லிய சீவல்கள். ஒவ்வொன்றும் செல்லைத் தனியாகப் பார்க்கும் அளவுக்கு நுட்பமான படம். யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். இதை நம் ஊர்ச் செய்தித்தாள்கள் ஒரு நாள் பெருமையாகப் போட்டுவிட்டு மறந்துவிட்டன. எனக்கு என்னவோ அது ராக்கெட்டுக்குச் சமமான செய்தி.

14 முதல் 24 வாரம் என்பதற்கு ஆட்டிசத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரியது. ஐந்து நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு அதை 80 சதவீதம் அளவுக்கு மதிப்பிட்டது. ஆனால் 'ஆட்டிச மரபணு' என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. சில தாய் தந்தை இருவரிடமும் இல்லாமல், பெரும்பாலும் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழைகள். இத்தனை மரபணுக்களுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, 2013இல் தனித்தனியாக வேலை செய்த இரண்டு குழுக்கள் ஒரே மாதிரி பதிலைக் கண்டன: அவற்றில் பல, கருவின் நடு மாதங்களில், புறணியில் உருவாகிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களில்தான் மும்முரமாக இயங்குகின்றன. அதாவது நான்கு முதல் ஆறு மாதக் கர்ப்பத்தில். வளைகாப்புக்கு முன்பே.

பழி சுமக்கும் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்திலோ ஒன்றரை வயதிலோ போடப்படுகிறது. அறிகுறிகள் கண்ணில் படும் வயதும் அதுதான். இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் ஒன்றின்மேல் பழி விழுகிறது. 12 குழந்தைகளை வைத்து 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரைதான் இந்தப் பயத்தைக் கிளப்பியது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையில், போடாமல் விட்டால் கெடுதல் வரும் தடுப்பூசி ஒன்று இருக்கிறது: ருபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு அந்த அம்மை வந்தால், குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு ஆகியவற்றோடு ஆட்டிசமும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

பயிர் கலைத்தல்

பிறந்த பிறகும் வேலை நிற்பதில்லை. அதன் தன்மை மாறுகிறது. சிகாகோவில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவராக இருந்த பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தவர்களின் மூளைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளை எண்ணினார். பொறுமை என்றால் அதுதான். 1979இல் வெளியான அவர் கணக்குப்படி, நெற்றிப்பகுதிப் புறணியில் இணைப்புகளின் அடர்த்தி ஒன்று முதல் இரண்டு வயதில் உச்சத்தில் இருக்கிறது. பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். பிறகு பதின்பருவம் வரை குறைந்துகொண்டே வருகிறது.

வளரும் குழந்தைக்கு இணைப்பு குறைவதா என்று கேட்கத் தோன்றும். சோளம் விதைப்பவரைக் கேளுங்கள். நெருக்கமாகத் தூவிவிட்டு, முளைத்ததும் பயிர் கலைத்துவிடுவார். கலைக்காத வயலில் எல்லாமே நோஞ்சானாக நிற்கும். மூளையிலும் பயன்படும் இணைப்பு தடித்து நிற்க, பயன்படாதது பிடுங்கப்படுகிறது. பிறந்து சில வாரங்களான பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்தால், அதன் புறணி அந்தக் கண்ணைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. பின்னர் திறந்தாலும் பார்வை திரும்புவதில்லை. இதைக் காட்டிய ஹ்யூபெல், வீசல் இருவருக்கும் 1981இல் நோபல் கிடைத்தது. ஆனால் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா இந்தியாவில் நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையை எட்டு, பத்து வயதுக்குமேல் அகற்றிக்கொண்ட பிள்ளைகளும் ஓரளவு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கூர்மை முழுதாக வரவில்லை. முகங்களும் பொருள்களும் பிடிபட்டன.

கலைப்பதில் கோளாறு வந்தால்? உடையும் எக்ஸ் நோய்க்குறி என்ற பரம்பரை நோயில், நரம்பணுக்களின் கிளைகளில் இணைப்புகளைத் தாங்கும் முட்கள் கைக்குழந்தையினுடையவை போல மெலிந்து நீண்டு நெருக்கமாகவே நின்றுவிடுகின்றன. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு ஒற்றை மரபணுவால் வரும் பரம்பரைக் காரணங்களில் இதுவே முதலிடம். ஆட்டிசமும் இதில் அடிக்கடி சேர்ந்து வரும். அந்த மரபணு 1991இல் பிடிபட்டது. இன்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

ஏ.டி.எச்.டி.யில் கதை வேறு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் இந்தக் குறைபாடு உள்ள 223 குழந்தைகளையும் அதே எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகளையும் பல ஆண்டுகள் படமெடுத்து ஒப்பிட்டார்கள். புறணி உச்ச கனத்தை எட்டும் நடு வயது, மற்றக் குழந்தைகளில் ஏழரை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பத்தரை. வரிசைமுறை அதேதான், மூன்று வருடம் தாமதம். 2007இல் வந்த இந்த முடிவை அறிந்த பிறகு, இரண்டாம் வகுப்பில் நாற்காலியில் நிலைகொள்ளாத பையனை 'திமிர் பிடித்தவன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வழுவழுப்பான மூளையையும் இரட்டைப் புறணியையும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ள பெரும்பாலான குழந்தைகளின் ஸ்கேன் சாதாரணமாகவே இருக்கும். நடத்தையைப் பார்த்துத்தான் அவற்றை உறுதிசெய்கிறார்கள். ஆட்டிசத்துக்கு மூளையைப் படமெடுத்துக் 'கோளாறான இடத்தை'க் காட்டி, செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அதைவிட, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிடுவது நல்லது. செலவும் குறைவு.

இரண்டு சிறுமிகளின் கைகள்

எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டே வந்த எனக்கு, அந்தக் கேள்வியையே இடறிவிட்ட நோய் ஒன்று உண்டு. 1954இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர், தம் காத்திருப்பு அறையில் தாயின் மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகளைக் கவனித்தார். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள். இருவரும் கைகளைச் சேர்த்துவைத்து, சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவர் 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதியதை வெளியுலகம் பல ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே வரும் இந்த ரெட் நோய்க்குறியில், முதல் சில மாதங்கள் வளர்ச்சி நன்றாகவே தோன்றும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள், வந்த ஒன்றிரண்டு சொற்களும் பொம்மையைப் பிடிக்கும் கையும் மெல்லப் போய்விடும்.

1999இல் ஹூடா சோக்பியின் குழு காரணத்தைக் கண்டது: மெக்.பி.2 என்ற மரபணு. மூளையில் அடுக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, நரம்பணுக்கள் சாகவில்லை. கட்டடம் எழுந்துவிட்டது; பராமரிக்கும் ஆள்தான் வேலைக்கு வரவில்லை. 2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழு, அந்த மரபணுவை அணைத்துவைத்து வளர்த்த, நோய் முற்றிய சுண்டெலிகளில் அதைத் திரும்ப இயக்கியது. நடுக்கமும் மூச்சுத்திணறலும் தணிந்தன. சாகக் கிடந்தவை எழுந்து நடந்தன.

வழுவழுப்பான மூளையில் பாதி வழியில் நின்றுவிட்ட செல்லை இனி யாரும் மேலே ஏற்றிவிட முடியாது. ஏணியே குழந்தை பிறந்த சில காலத்தில் உருமாறிப் போய்விடுகிறது. ரெட்டில் அப்படி இல்லை. ஆனால் மெக்.பி.2 கூடினாலும் நோய்தான்: அந்த மரபணு இரட்டிப்பாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வலிப்பும் வளர்ச்சித் தடையும் வருகின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் கூடாமலும் குறையாமலும் ஒரே அளவு கொண்டுசேர்ப்பது எப்படி என்பதில்தான் இப்போது மனிதர்களிடம் நடக்கும் மரபணுச் சிகிச்சைச் சோதனைகள் மெனக்கெட்டுக்கொண்டிருக்கின்றன.